காட்டுப்பன்றியும் லீவர் ரைபிளும்

சென்ற தைத் திங்களில், நிலக்கடலை விளைவிப்போர் சங்கம் ஒன்றின் கணக்கைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர், நான் பேரேட்டை மூடும் வரையில் திண்ணையில் பொறுமையாக அமர்ந்திருந்துவிட்டு, தம் கைப்பேசியை என் முன் நீட்டினார். அவருடைய மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் கணினித் தொழில் செய்பவர். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அங்கே கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார். வாங்கிய முதல் பருவத்திலேயே பன்றிக் கூட்டம் சோளக்கொல்லையை உழுதுபோட்டுவிட்டதாம். மான்களின் தொல்லையும் உண்டாம். “லீவர் ரைபிள் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆளுக்கு ஒன்று சொல்லுகிறார்கள். ஆயுள் முழுவதும் பன்றியோடு போராடியவர் நீங்கள். எதை வாங்கலாம், அப்பா?” என்று வேடிக்கையும் வினையுமாகக் கேட்டிருந்தார் மகன்.

“பன்னியத் தெரியுமுங்க, இந்த லீவரு எனக்குத் தெரியாதுங்க. நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க” என்றார் பெரியவர்.

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபொழுது .22 ரைபிளால் சில தோட்டாக்கள் சுட்டதைத் தவிர, எனக்கும் துப்பாக்கிக்கும் உறவு கிடையாது. எனினும், வாங்கப்போகும் பொருள் எந்திரமானாலும் எருமையானாலும் விசாரித்து எழுதித் தருவது இன்ஸ்பெக்டருக்குப் பழகிப்போன வேலை. இரண்டு வாரம் விசாரித்துப் பெரியவருக்கு எழுதித் தந்ததையே சிறிது விரித்து இங்கே அங்கத்தினர்களுக்குத் தருகிறேன்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இது அமெரிக்க நிலைமையைப் பற்றிய கட்டுரை. நம் நாட்டில் மானும் காட்டுப்பன்றியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. கொல்லையில் வந்து மேய்ந்தாலும் உழவர் தாமாகச் சுடுவது குற்றமாகும். உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம். தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆணையும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் அதிகாரத்தைப் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கு அளித்ததேயன்றி உழவருக்கு அளிக்கவில்லை. அவுட்டுக்காயும் மின்வேலியும் எத்தனை யானைகளையும் எத்தனை மனிதர்களையும் கொண்டுபோயின என்பதை மலையடிவாரத்துச் சங்கங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அமெரிக்கப் பன்றியைப் பார்ப்போம். அது அந்த மண்ணுக்கு உரியதன்று. 1539-இல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி புளோரிடாக் கரையில் இறங்கியபொழுது, படைக்கு உணவாக வீட்டுப்பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அவற்றில் தப்பியவையும், பின்னர்க் குடியேறிய உழவர்கள் அவிழ்த்துவிட்டு வளர்த்தவையும் காட்டுத்தனம் அடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியை வட கரோலினாவில் கொண்டுவந்து விட்டார்கள்; அதுவும் இவற்றோடு கலந்தது. இன்று குறைந்தது 35 மாநிலங்களில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் உலவுவதாக அமெரிக்க விவசாய இலாகா மதிப்பிடுகிறது. ஒரு பெட்டைப்பன்றி ஓர் ஆண்டில் இருமுறை ஈனவும் கூடும். பிறந்த குட்டி ஓர் ஆண்டு நிறையுமுன்னரே தானும் சினைப்படும். ஆகவேதான் டெக்ஸாஸில் தனியார் நிலத்தில், நிலச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு பன்றியைச் சுடுவதற்கு வேட்டை உரிமமே வேண்டாம் என்று 2019-இல் சட்டம் செய்தார்கள். மானின் கதை வேறு. வெள்ளைவால் மான் அந்நாட்டுச் சொந்தப் பிராணி. அதற்கு உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் உண்டு.

லீவர் ரைபிள் என்பது யாது? அமெரிக்கத் திரைப்படங்களில் குதிரைமேல் செல்லும் வீரன், விசைக்குக் கீழே வளையம்போல் தொங்கும் ஓர் இரும்புப் பிடியைச் சடக்கென்று கீழே தள்ளி மேலே இழுப்பானே, அந்தத் துப்பாக்கிதான். நெசவாளர் அங்கத்தினர்களுக்குத் தறியைக்கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். மிதியை அழுத்தியதும் பாவு பிரிந்து நாடாவுக்கு வழி விடுகிறது. ஓர் அசைவில் பல காரியம். அதுபோலவே, லீவரைக் கீழே தள்ளியதும் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே எறியப்படுகிறது; குதிரை பின்னுக்கு மடங்கி ஆயத்தமாகிறது; புதுத் தோட்டா ஒன்று கீழிருந்து எழும்பி வருகிறது. லீவரை மேலே மூடியதும் அது குழலின் அறைக்குள் சென்று பூட்டிக்கொள்கிறது. தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்காமலே அடுத்த குண்டுக்குத் தயாராகிவிடலாம்.

1860-இல் வந்த ஹென்றி ரைபிளும் ஸ்பென்ஸர் ரைபிளும் இந்த முறைக்கு வழிகாட்டின. பிறகு வின்செஸ்டர் கம்பெனியார் 1866, 1873 எனப் பல மாதிரிகளை வெளியிட்டார்கள். ஆயினும் இன்றைய வேட்டைக்காரன் கையில் இருப்பதற்கு மூலம், ஜான் பிரௌனிங் என்ற மேதை வகுத்த 1894-ஆம் ஆண்டு மாதிரியே. இந்த ஒரு மாதிரியில் மட்டும் 70 இலட்சத்துக்கு மேல் விற்பனை ஆகியிருக்கிறது. பழைய கரும்புகை மருந்தை விட்டுப் புகையற்ற மருந்து வந்த காலம் அது. அந்த மருந்துக்கென்று 1895-இல் இதற்குச் செய்த தோட்டாதான்.30-30 என்பது.

இந்த எண்கள் புதிதாகப் பார்ப்பவரை மயக்கும். முன்னெண், குழலின் துவார அளவு. ஓர் அங்குலத்தில் நூற்றில் 30 பங்கு. பின்னெண், முதலில் அதில் இட்ட மருந்தின் எடை, 30 கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்று கொள்க. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதைக்கொண்டு 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர் என்று நாம் பேசுகிறோம் அல்லவா? அதைப்போல இதுவும் பழைய எடைக் கணக்கிலிருந்து வந்த பெயர்தான். ஆனால் நூல் நம்பரில் உள்ள ஒழுங்கு தோட்டாப் பெயரில் கிடையாது. .44 மாக்னம், .35 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல் பெயர் வைத்திருக்கிறது. ஆகையால் துப்பாக்கியின் குழலில் என்ன பெயர் பொறித்திருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அதே பெயருள்ள தோட்டாவையே வாங்க வேண்டும் என்பது முதல் விதி. ‘ஏறத்தாழ ஒன்றுதான்’ என்று கடையில் எவரேனும் சொன்னால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

பெரும்பாலான லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு நீண்ட குழாயில், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்கும் மாடுகளைப்போல நிற்கின்றன. முன் தோட்டாவின் பின்பக்க நடுவில், தட்டினால் தீப்பற்றும் பொட்டு இருக்கிறது. பின் தோட்டாவின் குண்டு முனை அந்தப் பொட்டின் மேலேயே படிந்து நிற்கிறது. குண்டின் முனை கூராக இருந்து, சுடும்பொழுது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் அதிர்ச்சியில் அது பொட்டில் குத்திவிட்டால் குழாயிலேயே வெடி நேரும். இது காரணமாகவே, குழாய் உள்ள லீவர் ரைபிளுக்கு முனை தட்டையான அல்லது மழுங்கிய குண்டுகளையே செய்தார்கள். மழுங்கிய முனை காற்றை எதிர்த்து விரைவில் வேகம் இழக்கும். ஆகையால் இவற்றின் வீச்சு குறுகியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்னடி என்ற கம்பெனி, முனையில் ரப்பர்போல் வளையும் மென்பொருளை வைத்துக் கூர்மையான குண்டு ஒன்றை வெளியிட்டது. பொட்டைக் குத்தாது, காற்றையும் நன்றாகக் கிழிக்கும். பழைய துப்பாக்கிக்குப் புதிய ஐம்பது கெஜம் கிடைத்ததென்றே அதைச் சொல்லலாம்.

மானுக்கும் பன்றிக்கும் பொதுவாக எந்தத் தோட்டா ஏற்றது? பல்லாண்டு அனுபவத்தில் அமெரிக்க வேட்டைக்காரர் கண்ட விடை .30-30 என்பதே. 150 அல்லது 170 கிரெயின் எடையுள்ள குண்டு, அதாவது 10, 11 கிராம், விநாடிக்கு 2,200 முதல் 2,400 அடி வரையிலான வேகத்தில் புறப்படுகிறது. உதை மிதமானது; தோளுக்கு நோவு தராது. இதை நான் பெரிய குணமாகக் கருதுகிறேன். உதைக்கு அஞ்சுபவன் விசையை இழுக்குமுன் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடிச் சுட்ட குண்டு மானின் வயிற்றில் பாய்ந்தால், அந்தப் பிராணி மைல் கணக்கில் ஓடி இரவெல்லாம் துடித்துச் சாகும். வேட்டையில் இதைவிடப் பெரிய பாதகம் வேறில்லை.

.30-30-இன் எல்லையையும் அறிய வேண்டும். 100 கெஜத்தில் குறி தவறாமல் படும்படி திருத்தி வைத்த துப்பாக்கியில், 200 கெஜத்தில் குண்டு ஏழெட்டு அங்குலம் கீழே இறங்கிவிடும். ஆகவே 150 கெஜத்துக்குள் நிற்கும் பிராணியையே சுட வேண்டும். புதர்க்காட்டிலும், கொல்லை ஓரத்திலும், தீனி போட்டு மறைவிடத்தில் காத்திருக்கும் முறையிலும் இந்தத் தூரம் தாராளம். டெக்ஸாஸின் மேற்குப் பகுதியிலே கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளியாக உள்ள மேய்ச்சல் நிலமானால் போதாது. மகனின் நிலம் எத்தகையது என்று கேட்டெழுதச் சொன்னேன். மூன்று பக்கம் ஓக் மரப் புதர், நடுவில் கொல்லை, மிகுந்தால் 120 கெஜம் என்று விடை வந்தது. அதனால் வேலை எளிதாயிற்று.

மற்றத் தோட்டாக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். .44 மாக்னம் என்பது கைத்துப்பாக்கிக்கென்று பிறந்து ரைபிளுக்கும் வந்தது. 240 கிரெயின் குண்டு; 100 கெஜத்துக்குள் பன்றிக்கும் மானுக்கும் போதும்; உதை குறைவு; துப்பாக்கியும் குட்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கும். .357 மாக்னத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறு மானுக்குச் சரி, கொழுத்த ஆண்பன்றிக்கு நம்ப முடியாது. .35 ரெமிங்டன் 1906 முதல் இருந்துவரும் நல்ல தோட்டா. 200 கிரெயின் குண்டு பன்றியை நிறுத்திவிடும். ஆனால் கடைகளில் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைக்காத விதைக்கு நிலத்தை உழுது வைப்பானேன்?

.45-70 என்பது 1873-இல் அமெரிக்கப் படைக்கு வகுத்த தோட்டா. கிட்டத்தட்ட அரை அங்குலக் குண்டு, 300 முதல் 405 கிரெயின். பெரிய பன்றி எந்தக் கோணத்தில் நின்றாலும் ஊடுருவும். ஆயின் உதை கடுமை, விலை அதிகம், குண்டு மிக விரைவாகக் கீழிறங்கும். இதில் ஒளிந்துள்ள அபாயம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளைக் கருதி மெல்லிய மருந்திட்ட தோட்டாவும், இக்காலத்து உறுதியான எஃகுத் துப்பாக்கிக்கென்று கடும் மருந்திட்ட தோட்டாவும் ஒரே பெயரில் விற்பனை ஆகின்றன. பின்னதைப் பழைய துப்பாக்கியில் இட்டால் துப்பாக்கி பிளந்துபோகும். பெட்டியில் அச்சிட்டுள்ள எச்சரிக்கையை முழுவதும் படிக்காமல் இதை வாங்கவே கூடாது.

சட்டமும் தோட்டாவைத் தெரிவு செய்கிறது. டெக்ஸாஸில் விளிம்பில் தட்டித் தீப்பற்றும் .22 போன்ற சிறு தோட்டாவால் மானைச் சுடுவது குற்றம். ஓஹையோ, அயோவா போன்ற மாநிலங்களில் ஊர்கள் நெருக்கமாதலால், குண்டு வெகுதூரம் போகாதிருக்க, கழுத்தில் குறுகாமல் நேராக உள்ள கூட்டையுடைய தோட்டாக்களையே மான் வேட்டைக்கு அனுமதித்தார்கள். .30-30-க்குக் கழுத்து குறுகல். ஆகவே அது அங்கே செல்லாதாயிற்று. இந்தக் குறையைத் தீர்க்கவே ரெமிங்டன் கம்பெனி 2023-இல் லீவர் ரைபிளுக்கென்று .360 பக்ஹாமர் என்ற நேர்க்கூட்டுத் தோட்டாவை வெளியிட்டது. கலிபோர்னியாவிலோ 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டே கூடாது, செம்புக் குண்டுதான். இறந்த பிராணியின் உடலில் தங்கிய ஈயத்துகளைத் தின்ற கழுகுகள் மடிந்ததே அதற்குக் காரணம்.

இனித் துப்பாக்கியைப் பார்ப்போம். .30-30-இல் பெயர் பெற்றவை இரண்டு: வின்செஸ்டர் 94, மார்லின் 336. முன்னது மெலிந்தது, ஆறரைப் பவுண்டு அளவில் இருக்கும், கையில் ஏந்தி நடக்க இதைவிட இனியது இல்லை என்பார்கள். ஆனால் பழைய 94-இல் வெற்றுக்கூடு மேற்புறமாக எழும்பி விழும். ஆதலால் தொலைநோக்கிக் கண்ணாடியை நேர்மேலே பொருத்த இயலாது. 1980-களின் தொடக்கத்தில் கூடு சாய்வாக விழும்படி மாற்றிய பிறகே அது கைகூடிற்று. 1964-இல் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். அதற்கு முந்திய துப்பாக்கிகளுக்கு இன்றும் சந்தையில் கூடுதல் விலை. 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. பின்னர் அந்தப் பெயரில் வருபவை ஜப்பானில் செய்யப்படுகின்றன. வேலைப்பாடு சிறந்தது, விலையும் உயர்ந்தது.

மார்லின் 336 என்பது 1948-இல் வெளிவந்தது. மேற்புறம் முழு எஃகாக மூடியிருக்கும். கூடு பக்கவாட்டில் விழும். கண்ணாடி பொருத்தத் தடையில்லை. இன்னொரு வசதியை உழவன் மெச்சுவான். ஒரே திருகாணியைக் கழற்றினால் லீவரும் உட்கட்டையும் வெளியே வந்துவிடும். குழலைப் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். மற்றவற்றில் வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டுத் தேய்க்கும்பொழுது, குண்டு கடைசியாக விட்டுச் செல்லும் விளிம்பு தேய்ந்து குறி கெடும். மார்லின் கம்பெனி 2007-இல் ரெமிங்டன் கைக்கு மாறியது. இயந்திரங்களை வேறு ஊருக்குப் பெயர்த்த பின் வந்த துப்பாக்கிகளில் இணைப்பும் மெருகும் மட்டமென்று வாங்கினவர்கள் குறைப்பட்டார்கள். 2020-இல் ரெமிங்டன் திவாலாகவே, ரூகர் கம்பெனி மார்லினை விலைக்கு வாங்கியது. 2023-இல் 336 மீண்டும் வந்தது. பழைய உடைமையாளர் காலத்துத் துப்பாக்கியின் குழலில் ‘ஜே.எம்.’ என்ற முத்திரை இருக்கும்.

ஹென்றி என்ற பெயரில் 1996-இல் தோன்றிய புதுக் கம்பெனியின் துப்பாக்கிகளும் நன்கு ஓடுபவை. தொடக்கத்தில் குழாயின் முன்முனையைத் திறந்தே தோட்டா இட வேண்டியிருந்தது. பின்னர் பக்கவாட்டிலும் வழி வைத்தார்கள். பிரௌனிங் பி.எல்.ஆர். என்பது குழாய்க்குப் பதிலாகக் கழற்றும் பெட்டி உடையது, கூரான குண்டும்.308 போன்ற வலிய தோட்டாவும் ஏற்கும். 250 கெஜத்து மானுக்கு லீவர்தான் வேண்டும் என்பவர் இதை நாடலாம். இதற்கு முன்னோடி சாவேஜ் 99. சுழலும் உருளையில் தோட்டா நிற்கும். அந்நாளில் இதைப்போல் நுட்பமானது வேறில்லை. இப்பொழுது தயாரிப்பு நின்றுவிட்டது.

புதிய 336 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பழையது வாங்கினால் மிச்சம் உண்டு. ஆனால் தணிக்கைக்காரன் கண்ணோடு பார்க்க வேண்டும். முதலில் லீவரைத் திறந்து, அறையிலும் குழாயிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்க. குழலின் வாயில் விளக்கொளியைக் காட்டி உட்புறத்துச் சுருள் வரிகள் கூர்மையாக உள்ளனவா, துருவின் குழிகள் உள்ளனவா என்று பார்க்க. லீவரை மூடிய நிலையில் ஆட்டினால் பெரிதும் ஆடக்கூடாது. மரக்கட்டை எஃகோடு சேரும் கழுத்தில் விரிசல் இருந்தால் விட்டுவிடுக. திருகாணியின் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாதவன் கை வைத்திருக்கிறான் என்று பொருள். அடித்துத் திருத்திய பேரேட்டைக் கண்டால் எனக்கு எப்படி ஐயம் எழுமோ, அப்படி ஐயுறத் தக்க அடையாளம் அது.

குறி பார்க்கப் பழைய முறையில் பின்னால் ஒரு பிளவும் முன்னால் ஒரு மணியும் இருக்கும். இளங்கண்ணுக்கு அது போதும். நாற்பதைக் கடந்தவர் சிறு வளையத்தின் ஊடே பார்க்கும் பின்குறியையோ, பெருக்கம் குறைந்த ஒரு கண்ணாடியையோ வைத்துக்கொள்வது நலம். பெரிய தொலைநோக்கியை ஏற்றிவிட்டால் லீவர் ரைபிளின் எடையும் அழகும் கெட்டு, தோளுக்கு வரும் வேகமும் போய்விடும்.

அபாயம் எங்கே என்பதையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். பழைய லீவர் ரைபிளில் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. குதிரையைப் பாதி மடக்கி நிறுத்துவதே பாதுகாப்பு. சுடாமல் விட நேர்ந்தால், விசையை இழுத்தபடியே குதிரையைக் கட்டைவிரலால் மெல்ல இறக்க வேண்டும். குளிரில் விரல் மரத்திருந்தாலோ, கையுறை வழுக்கினாலோ வெடித்துவிடும். பலவற்றில் குழாயைக் காலி செய்யவும், தோட்டாக்களை ஒவ்வொன்றாக அறைக்குள் ஏற்றி வெளியே எறிந்தாக வேண்டும். அவ்வாறு செய்யும் நேரமெல்லாம் குழலின் வாய் ஆள் இல்லாத திக்கில் மண்ணை நோக்கி இருத்தல் வேண்டும். விரல் விசையருகே செல்லலாகாது. மகனுக்குக் குறுக்குப் பூட்டோடு வந்த பிற்காலத்து 336-ஐயே எழுதினேன். பூட்டு இருப்பது அழகைக் கெடுக்கிறது என்று பழமை விரும்பிகள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

மானைச் சுடுபவர் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் நடுவுயரத்துக்குக் கீழே குறிவைப்பார். நுரையீரல் அங்கே இருக்கிறது. அதே பழக்கத்தில் பன்றியைச் சுட்டால் குண்டு குடலில் பாயும். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாகவும் முன்னாலும், முன்காலுக்கு நேராகவே அமைந்துள்ளன. முதிர்ந்த ஆண்பன்றிக்குத் தோளின்மேல் தடித்த தோல் கேடயம்போல் படர்ந்திருக்கும். மெல்லிய குண்டு அதில் சிதறிவிடலாம். ஆகவே பன்றிக்கு 170 கிரெயின் குண்டே நன்று. காயமுற்ற பன்றியைத் தேடி இருட்டில் தனியே புதருக்குள் போகக்கூடாது என்பதைப் பெரியவரே எனக்கு முந்திச் சொன்னார். அதை அவர் வாயாலேயே மகனுக்குச் சொல்லச் சொன்னேன்.

இனிச் சட்டம். இதைத் தவறவிட்டால் மகனின் வாழ்வே பாழாகும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு. அவற்றுள் முக்கியமானது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவருக்கு இத்தடை இல்லை. இதன் விசித்திரத்தைப் பாருங்கள்: டெக்ஸாஸில் தம் நிலத்துப் பன்றியைச் சுட உரிமம் வேண்டாம், ஆனால் இந்த மகன் அதற்குரிய துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமம் காலாவதியான மறுநாள் துப்பாக்கி வீட்டில் இருந்தாலும் குற்றமே. நண்பர்களின் விசா வேறாக இருக்கலாம். அவர்களுக்குப் பொருந்துவது இவருக்குப் பொருந்தாது. மேலும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் அங்கே வேட்டைக்குச் செல்ல, வேட்டைக் கல்வி வகுப்பில் தேற வேண்டும். வாங்குவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடும்படி இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதினேன்.

துப்பாக்கி வாங்கிவிட்டால் சோளம் பிழைக்குமா? பிழைக்காது என்பதே உண்மை. லீவர் ரைபிளில் ஐந்தாறு தோட்டா. கூட்டத்தில் இருபது பன்றி இருந்தால் ஒன்று விழும், இரண்டு விழும். மற்றவை கலைந்து, கற்றுக்கொண்டு, பிறகு இரவில் மட்டும் வரும். வெப்பத்தைக் காட்டும் இராக்கண்ணாடி பொருத்திய தானியங்கி மாதிரித் துப்பாக்கிகளை அங்கே பன்றிக்கு மிகுதியாக உபயோகிப்பதும் இதனால்தான். எந்தத் துப்பாக்கியானாலும், ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தாலன்றிப் பன்றித்தொகை இறங்காது என்பது அங்குள்ள நிபுணர்களின் கணக்கு. மிசூரி மாநிலம் 2016-இல் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. வேட்டைக்காரர் கூட்டத்தைக் கலைப்பதால் பொறிவைக்கும் வேலை கெடுகிறது என்று காரணம் காட்டியது. வட்டமாகக் கம்பிவலைப் பட்டி அமைத்து, மக்காச்சோளத்தைத் தீனியாக இட்டு, சில வாரம் கதவைத் திறந்தே விட்டுப் பழக்குகிறார்கள். கூட்டம் முழுவதும் உள்ளே வந்த அன்றைக்கே, கேமராவில் பார்த்திருந்து கதவை விழச் செய்கிறார்கள். ஒரே இரவில் கூட்டமே அகப்படும். பட்டியின் விலை துப்பாக்கியைவிடப் பன்மடங்கு. ஓர் உழவரால் ஆகாது. பக்கத்து நிலத்தார் நான்கைந்து பேர் பங்கு போட்டு ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைக்கலாம். கூட்டுறவுத் துறையில் சம்பளம் வாங்குகிறவன் இப்படித்தான் சொல்வான் என்று மகன் சிரித்திருக்கக்கூடும். என்றாலும் பக்கத்துப் பண்ணையாரிடம் பேசிப் பார்ப்பதாக எழுதினார்.

சுட்ட பன்றியைக் கையுறையின்றி அறுக்கலாகாது. புரூசெல்லா என்ற நோய்க்கிருமி அதன் இரத்தத்தின் வழியாக மனிதனுக்குத் தொற்றும். இறைச்சி, உள்ளே 71 டிகிரி சூடேறும் வரை வேக வேண்டும்.

இத்தனையையும் படித்துக்காட்டிய பிறகு பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். “அந்த ஊரு பன்னி கடலை திங்குமுங்களா?” என்று கேட்டார். தின்னும். ஜார்ஜியா மாநிலத்துக் கடலை விவசாயிகள் விதைத்த அன்றிரவே வந்து, எந்திரம் போன சாலைப் பிடித்து, கடைசி விதை வரை வரிசையாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறதாம். “அப்ப நம்ம பன்னிதானுங்க” என்றார் பெரியவர்.